இயன் பார்பரின் நான்கு வழிகள்: கிறிஸ்தவ இறையியலும் அறிவியலும்

1981 டிசம்பரில் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத் தலைநகரான லிட்டில் ராக்கில் ஒரு வழக்கு விசாரணைக்கு வந்தது. பள்ளியில் பரிணாமக் கொள்கையைக் கற்பித்தால், 'படைப்பு அறிவியல்' என்ற பெயரில் ஆதியாகமத்தை ஒட்டிய விளக்கத்துக்கும் சமமான இடம் தரவேண்டும் என்று அம்மாநிலம் அந்த ஆண்டு சட்டம் இயற்றியிருந்தது. அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்களின் பட்டியல், மதமும் அறிவியலும் பரம்பரைப் பகையாளிகள் என்று கேட்டுப் பழகியவர்களை வியக்கவைக்கும். முதல் வாதியின் பெயர் போதகர் வில்லியம் மக்லீன். அவரோடு மெதடிஸ்ட், எப்பிஸ்கோப்பல், ரோமன் கத்தோலிக்கத் திருச்சபைகளின் ஆயர்கள் நின்றார்கள். அவர்கள் தரப்பில் தொல்லுயிரியலாளர் ஸ்டீவன் ஜே கூல்ட் சாட்சி சொன்னார். சிகாகோ பல்கலைக்கழகத்தின் இறையியலாளர் லாங்டன் கில்கியும் சொன்னார். 1982 ஜனவரி 5 அன்று நீதிபதி வில்லியம் ஓவர்ட்டன் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தார்.

சட்டத்தை ஆதரித்தவர்கள் கிறிஸ்தவர்கள். எதிர்த்தவர்களில் பலரும் கிறிஸ்தவர்கள். அப்படியானால் அங்கே மோதிக்கொண்டவை எவை? இந்தக் கேள்விக்கு முறையான விடை தேடுவதையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்டவர் இயன் பார்பர். இயற்பியலாளராகத் தொடங்கி இறையியலுக்கு வந்த அவர் வகுத்த 'நான்கு வழிகள்', சமயமும் அறிவியலும் பற்றிய பாடநூல்களில் இன்று தவறாமல் இடம்பெறுகின்றன. ஆனால் அந்த அட்டவணை பரவிய அளவுக்கு, அதற்கு அடியில் இருக்கும் வாதங்கள் பரவவில்லை. பார்பரின் ஆய்வில் இன்றும் வலுவாக நிற்பவை அந்த வாதங்கள்தாம் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இரண்டு துறைகளின் பயிற்சி

பார்பர் 1923இல் பீஜிங்கில் பிறந்தார். தந்தை ஜார்ஜ் பார்பர் நிலவியல் அறிஞர், சீனாவில் கற்பித்தவர். 'பீக்கிங் மனிதன்' எலும்புகள் கிடைத்த அகழாய்வுகளோடு தொடர்புடையவர். அதே களத்தில் பணியாற்றிய பிரெஞ்சு இயேசு சபைக் குருவும் தொல்லுயிரியலாளருமான தெயார் த ஷார்தன் அவருக்கு நண்பர். பரிணாமத்தைக் கிறிஸ்தவ நம்பிக்கையின் மையத்துக்கே கொண்டுவர முயன்று, தம் நூல்களை உயிரோடிருக்கும்வரை வெளியிட அனுமதி பெறாமல் மறைந்தவர் தெயார். பின்னாளில் பார்பர் எடுத்துக்கொண்ட பொருள், இவ்வாறு அவர் வீட்டுக்கு முன்பே அறிமுகமாகியிருந்தது.

பார்பர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். அங்கே என்ரிக்கோ ஃபெர்மியின் உதவியாளராகவும் இருந்தார். கலமசூ கல்லூரியில் இயற்பியல் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1950களில் யேல் பல்கலைக்கழகத்தில் இறையியல் படிக்கப் போனார். 1955இல் மின்னசோட்டா மாநிலம் நார்த்ஃபீல்டில் உள்ள கார்ல்டன் கல்லூரியில் சேர்ந்து இயற்பியல், சமயம் இரண்டையும் கற்பித்தார். மீதிப் பணிக்காலம் முழுவதும் அங்கேயே கழிந்தது.

1966இல் 'இஷ்யூஸ் இன் சயன்ஸ் அண்ட் ரிலிஜன்' நூல் வெளிவந்தது. அதுவரை இந்தப் பொருளைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் ஒரு பக்கம் நின்று மறுபக்கத்துக்குப் பதில் சொன்னவர்கள். இயற்பியல் வரலாறு, அறிவியல் மெய்யியல், இறையியல் மூன்றையும் ஒரே நூலில், ஒவ்வொன்றின் ஒழுங்கையும் மதித்து விவாதித்தது பார்பரின் நூல். 'சமயமும் அறிவியலும்' தனியொரு கல்வித்துறையாக உருவெடுத்தது அந்த நூலிலிருந்துதான் என்று சொல்வது வழக்கம். 1989 முதல் 1991 வரை ஸ்காட்லாந்தின் அபர்டீனில் அவர் ஆற்றிய கிஃபர்ட் சொற்பொழிவுகள் இரண்டு நூல்களாயின: 1990இல் 'ரிலிஜன் இன் ஆன் ஏஜ் ஆஃப் சயன்ஸ்', 1993இல் 'எதிக்ஸ் இன் ஆன் ஏஜ் ஆஃப் டெக்னாலஜி'. 1999இல் டெம்பிள்டன் பரிசு கிடைத்தபோது, தொகையின் பெரும்பகுதியை பெர்க்லியில் உள்ள இறையியல் – இயற்கை அறிவியல் மையத்துக்குக் கொடுத்துவிட்டார். 2013 டிசம்பர் 24 அன்று காலமானார்.

நான்கு வழிகள்

நியூட்டனின் 'பிரின்சிபியா' வெளிவந்து 300 ஆண்டுகள் நிறைந்ததையொட்டி, 1987இல் வத்திக்கான் வானாய்வகம் காஸ்தல் கந்தோல்ஃபோவில் ஒரு கருத்தரங்கு நடத்தியது. அதன் தொகுப்பு நூலில் 1988இல் பார்பர் எழுதிய கட்டுரையில் இந்த வகைப்பாடு உருப்பெற்றது. மோதல், விலகி நிற்றல், உரையாடல், ஒருங்கிணைப்பு என்பன அந்த நான்கு.

முதலாவது மோதல். 1874இல் ஜான் வில்லியம் டிரேப்பரும், 1896இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் ஆண்ட்ரூ டிக்சன் வைட்டும் எழுதிய நூல்கள், அறிவியல் வரலாற்றை மதத்தோடு நடந்த தொடர்போராகச் சித்திரித்தன. 1633இல் கலிலியோவுக்குக் கிடைத்த தண்டனை, 1860இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஹக்ஸ்லிக்கும் ஆயர் வில்பர்ஃபோர்ஸுக்கும் நடந்த வாக்குவாதம், 1925இல் டென்னசியில் நடந்த ஸ்கோப்ஸ் வழக்கு எல்லாம் இந்தக் கதையின் காட்சிகளாயின. பார்பரின் கூர்மை வேறோர் இடத்தில் வெளிப்படுகிறது. விவிலியத்தை எழுத்துக்கு எழுத்து உண்மையெனக் கொள்பவர்களையும், பருப்பொருளைத் தவிர வேறெதுவும் இல்லை என்னும் அறிவியல்சார் பொருள்முதல்வாதிகளையும் அவர் ஒரே பிரிவில் வைக்கிறார். இரு சாராரும் ஒரே களத்தைப் பற்றிப் போட்டிக் கூற்றுகளை முன்வைக்கிறார்கள். ஒன்றை ஏற்றால் மற்றதை விட்டாக வேண்டும் என்கிறார்கள். அறிவியலின் முடிவு எங்கே நின்று, அதன்மேல் கட்டிய மெய்யியல் எங்கே தொடங்குகிறது என்பதை இருவருமே பிரித்துப் பார்ப்பதில்லை என்பது அவர் குற்றச்சாட்டு.

இரண்டாவது விலகி நிற்றல். அறிவியல் 'எப்படி' என்று கேட்கிறது, சமயம் 'ஏன்' என்று கேட்கிறது. இரண்டும் வெவ்வேறு மொழிகள். எனவே சண்டைக்கே இடமில்லை. கடவுள் கிறிஸ்துவில் தம்மை வெளிப்படுத்துகிறார், இயற்கையை ஆராய்ந்து அவரைக் கண்டடைய முடியாது என்ற கார்ல் பார்த்தின் இறையியல் இந்த அணுகுமுறைக்கு வலுச் சேர்த்தது. ஆர்கன்சாவில் கில்கி சொன்ன சாட்சியத்தின் சாரமும் இதுவே. அதே வழக்கில் சாட்சி சொன்ன கூல்ட், 1999இல் வெளியிட்ட 'ராக்ஸ் ஆஃப் ஏஜஸ்' நூலில், அறிவியலும் சமயமும் ஒன்றின் அதிகாரம் மற்றதன்மேல் படியாத இரு ஆட்சிப்பரப்புகள் என்று வாதிட்டார். ஒருவர் இறையியலாளர், மற்றவர் கடவுள் நம்பிக்கையற்றவர். நீதிமன்றத்தில் இருவரையும் ஒன்றாக நிற்கவைத்தது இந்த எல்லைக்கோடுதான்.

பார்பர் இதை நல்ல தொடக்கம் என்று மதித்தார். ஆனால் இதோடு நிற்க அவர் உடன்படவில்லை. மனித வாழ்வு இரண்டு அறைகளாகப் பிரிந்து கிடப்பதில்லை. இயற்கையை முழுக்க அறிவியலிடம் விட்டுவிட்டு மனித உள்ளத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் இறையியல், படைப்பு என்று எதைச் சொல்லும் என்பது அவர் கேள்வி.

மூன்றாவது உரையாடல். அறிவியல் தன் எல்லையில் எழுப்பி, தன்னால் விடை தர இயலாத கேள்விகள் இருக்கின்றன. உலகம் ஏன் ஒழுங்குடையதாக இருக்கிறது? அந்த ஒழுங்கு ஏன் மனித மனத்துக்குப் பிடிபடுகிறது? இன்னொரு பக்கம், இரு துறைகளும் அறிவைத் தேடும் முறையில் ஒப்புமைகள் உண்டு. 1962இல் தாமஸ் கூன் எழுதிய நூலுக்குப் பிறகு, அறிவியல் தரவுகள்கூட ஏதோவொரு சிந்தனைச் சட்டகத்துக்குள்ளிருந்தே பார்க்கப்படுகின்றன என்ற கருத்து பரவியது. இறையியல் மட்டுமே மரபுக்குக் கட்டுப்பட்டது என்ற பழைய எதிர்நிலை இதனால் தளர்ந்தது.

நான்காவது ஒருங்கிணைப்பு. இதற்குள்ளும் பார்பர் மூன்று கிளைகளைக் காண்கிறார். இயற்கையின் அமைப்பிலிருந்து கடவுளை நிறுவ முயல்வது இயற்கை இறையியல். 1802இல் வில்லியம் பேலி எழுதிய நூல் இதற்குப் பழைய எடுத்துக்காட்டு. மரபாக வந்த நம்பிக்கையில் தொடங்கி, அறிவியலின் ஒளியில் படைப்பு, மனிதன் பற்றிய கோட்பாடுகளைத் திருத்தி எழுதுவது இயற்கை பற்றிய இறையியல். உயிர்வேதியியலாளரும் ஆங்கிலிக்கன் குருவுமான ஆர்தர் பீக்கொக் இவ்வழியில் நடந்தவர். மூன்றாவது, இரண்டையும் தாங்கும் ஒரே மெய்யியலை அமைப்பது. 1929இல் ஆல்ஃபிரட் நார்த் ஒயிட்ஹெட் வெளியிட்ட 'பிராசஸ் அண்ட் ரியாலிட்டி' நூலின் வழிவந்த நிகழ்முறை இறையியல் இந்தக் கிளையைச் சேர்ந்தது. அதன்படி உலகம் பொருள்களின் குவியலாக இல்லாமல், நிகழ்வுகளின் ஓட்டமாக இருக்கிறது. கடவுள் வெளியிலிருந்து ஆணையிடாமல், ஒவ்வொரு நிகழ்விலும் சாத்தியங்களை முன்வைத்து உலகை ஈர்க்கிறார். பார்பர் உரையாடலையும் இயற்கை பற்றிய இறையியலையும் தம் வழியாகக் கொண்டு, நிகழ்முறைச் சிந்தனையைச் சற்றே எச்சரிக்கையோடு துணைக்கு அழைத்துக்கொண்டார்.

மாதிரிகள் பற்றிய வாதம்

அட்டவணைக்கு அடியில் இருப்பது 1974இல் வெளிவந்த 'மித்ஸ், மாடல்ஸ் அண்ட் பாரடைம்ஸ்' என்ற நூல். பார்பரின் ஆகச்சிறந்த மெய்யியல் பங்களிப்பு இதுவே என்று கருத இடமுண்டு.

அணுவைக் கண்ணால் பார்க்க முடியாது. பில்லியர்ட் பந்து போன்றது என்றோ, சிறிய சூரியக் குடும்பம் போன்றது என்றோ ஒரு மாதிரியை மனத்தில் அமைத்துக்கொண்டே அறிவியலாளர்கள் அதைப் பற்றிச் சிந்தித்தார்கள். அந்த மாதிரி உலகின் நேரடிப் படமா? ஆம் என்பது வெகுளியான மெய்ம்மைவாதம். இல்லை, கணக்குப் போட உதவும் கற்பனைக் கருவி மட்டுமே என்பது கருவிவாதம். பார்பர் இரண்டுக்கும் இடையில் விமர்சன மெய்ம்மைவாதத்தை முன்வைக்கிறார்: மாதிரி உலகைப் பற்றி உண்மையாகவே ஏதோ சொல்கிறது, ஆனால் பகுதியளவில், திருத்தத்துக்கு உட்பட்டுச் சொல்கிறது. எலக்ட்ரானை அலையாகவும் துகளாகவும் சித்திரித்தாக வேண்டிய நிலை இயற்பியலுக்கே வந்தபோது, ஒற்றை மாதிரியில் உண்மை முழுவதும் அடங்கும் என்ற நம்பிக்கை உடைந்தது.

இதே பார்வையைச் சமய மொழிக்குக் கொண்டுவருகிறார் பார்பர். கடவுளை அரசர், தந்தை, மேய்ப்பர், கைவினைஞர் என்று அழைப்பவை எல்லாம் மாதிரிகள். அவற்றைச் சொல்லுக்குச் சொல் கொள்வதும் தவறு, வெறும் உணர்ச்சி அலங்காரம் என்று தள்ளுவதும் தவறு. அரசர் என்ற மாதிரியே ஆதிக்கம் செலுத்தினால் அதற்கேற்ற உலகப்பார்வை உருவாகும். வேறு மாதிரிகள் அதைச் சமன்செய்ய வேண்டும்.

ஒப்புமையோடு வேறுபாடுகளையும் அவர் மறைக்கவில்லை. சமய மாதிரிகள் வாழ்க்கை முழுவதையும் ஈடுபடுத்தக் கோருகின்றன. வழிபாடு, ஒழுக்கம், குழுவாழ்வு எல்லாம் அவற்றோடு பிணைந்தவை. அறிவியலில் கோட்பாட்டுக்குக் கீழே எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விதிகள் உள்ளன. சமயத்தில் அப்படிப்பட்ட அடித்தளம் இல்லை. எதிர்ச்சான்று வந்தால் கைவிடுவதும் அங்கே கடினம். இந்த நேர்மைதான், குவாண்டம் இயற்பியலின் பெயரைச் சொல்லி எதையும் மெய்ப்பித்துவிடும் மலிவான நூல்களிலிருந்து பார்பரைப் பிரித்துக் காட்டுகிறது.

லெமைத்தரும் போப்பும்

பார்பரின் அட்டவணையை ஒரு வரலாற்று நிகழ்வில் வைத்துச் சோதிக்கலாம். பெல்ஜியத்தைச் சேர்ந்த கத்தோலிக்கக் குரு ஜார்ஜ் லெமைத்தர், 1927இல் விரிவடையும் பிரபஞ்சம் பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். 1931இல் 'நேச்சர்' இதழில், பிரபஞ்சம் ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்ற கருத்தை முன்வைத்தார். பிற்காலத்தில் இதற்குப் 'பெருவெடிப்பு' என்ற பெயரை 1949இல் வானொலியில் வழங்கிய ஃபிரெட் ஹாய்ல், அந்தக் கொள்கையையே ஏற்காதவர். அதற்குள் மதவாடை வீசுவதாக ஐயப்பட்டவர். 1951 நவம்பர் 22 அன்று போப் பன்னிரண்டாம் பத்திநாதர், போப்பின் அறிவியல் கழகத்தில் உரையாற்றியபோது, நவீன அண்டவியல் படைப்புக்குச் சாட்சி கூறுகிறது என்ற பொருள்படப் பேசினார்.

இதில் அதிகம் கலங்கியவர் லெமைத்தரே. தம் கொள்கை இயற்பியல் கருதுகோள். நாளை அது தவறென்றும் ஆகலாம். அதன்மேல் விசுவாசத்தைக் கட்டக்கூடாது என்பது அவர் நிலை. தம் கவலையைப் போப்பின் அறிவியல் ஆலோசகர் வழியாகத் தெரியப்படுத்தினார். 1952இல் ரோமில் கூடிய வானியலாளர்களிடம் பேசியபோது போப் அந்த வாதத்தைத் திரும்ப எடுக்கவில்லை.

ஹாய்லின் ஐயம் மோதலைச் சேர்ந்தது. போப்பின் உரை ஒருங்கிணைப்பின் முதற்கிளை. லெமைத்தரின் எச்சரிக்கை விலகி நிற்றல். ஒரே கொள்கை, ஒரே காலம்; கத்தோலிக்கத் திருச்சபைக்கு உள்ளேயே இருவர் இரு வழிகளில் நிற்கிறார்கள். அட்டவணை இங்கே நன்றாகவே பயன்படுகிறது, ஒரு நிபந்தனையோடு: அது வகைப்படுத்துவது ஒரு மதத்தையோ ஒரு காலத்தையோ ஒரு மனிதரையோ அல்ல, குறிப்பிட்ட ஒரு கூற்றை மட்டுமே. படைப்பு என்பது எல்லாப் பொருளும் எப்போதும் கடவுளைச் சார்ந்திருப்பதைக் குறிக்கும் கோட்பாடு, அதற்குக் காலத்தில் ஒரு தொடக்கம் கட்டாயமில்லை என்று பார்பர் எழுதியதும் லெமைத்தரின் எச்சரிக்கைக்கு அருகில் வருகிறது.

மறுப்புகள்

வரலாற்றாசிரியர்கள் இந்த வகைப்பாட்டை எளிதில் விட்டுவிடவில்லை. ஜான் ஹெட்லி புரூக் 1991இல் எழுதிய வரலாற்று நூல், அறிவியலும் சமயமும் கொண்ட உறவு இடத்துக்கு இடம், ஆளுக்கு ஆள் மாறும் சிக்கல் என்றும், எந்த ஒற்றைச் சூத்திரமும் அதற்குப் பொருந்தாது என்றும் காட்டியது. ஜெஃப்ரி கேன்டரும் கிறிஸ் கென்னியும் 2001இல் 'சைகான்' இதழில் பார்பரின் வகைப்பாட்டை நேரடியாகவே விமர்சித்தார்கள். நான்கு வழிகளும் அருகருகே வைக்கப்பட்டாலும், மோதலிலிருந்து ஒருங்கிணைப்புக்கு ஏறும் படிக்கட்டாகவே வாசிக்கப்படுகின்றன. மோதல் என்றாலே கெட்டது என்ற முன்முடிவும் உள்ளே இருக்கிறது என்பது இத்தகைய விமர்சனங்களின் சாரம். உண்மையில் மோதல் சில வேளைகளில் இரு தரப்புக்கும் தெளிவு தந்திருக்கிறது. பீட்டர் ஹாரிசன் 2015இல் இன்னும் ஆழமாகத் தோண்டினார்: அறிவியல், சமயம் என்று நாம் இன்று பிரித்துப் பேசும் இரு எல்லைகளே அண்மைக் காலத்தில் வரையப்பட்டவை, அவற்றைப் பழங்காலத்துக்கு எடுத்துச் சென்று உறவு தேடுவது காலக்குழப்பம் என்றார்.

கேன்டர், கென்னியின் விமர்சனத்துக்குப் பார்பர் 2002இல் 'சைகான்' இதழிலேயே பதில் எழுதியிருந்தார். இந்த விவாதத்துக்குப் பின் அட்டவணை பயன்படும், ஆனால் தொடக்கநிலைக் கருவியாக மட்டுமே என்பதை மறுக்க முடியாது. வரலாற்றை எழுதுபவர் அதோடு நின்றால், ஆளும் அரசியலும் நிறுவனமும் பார்வையிலிருந்து மறைந்துவிடும். ஆர்கன்சா வழக்கையே எடுத்துக்கொள்ளலாம். அங்கே போராட்டம் அரசுப் பள்ளியின் பாடத்திட்டத்தைப் பற்றியது. அமெரிக்க அரசியல் சட்டம் அரசையும் சமயத்தையும் பிரித்து வைத்திருப்பதைப் பற்றியது. நான்கு வழிகளில் எதிலும் அந்தப் பரிமாணம் தெரியாது.

தொழில்நுட்பமும் நீதியும்

பண்பாட்டின் பக்கம் பார்பர் திரும்பியது தொழில்நுட்பத்தின் வழியாக. 1967இல் இடைக்கால வரலாற்றறிஞர் லின் வைட், சூழலியல் நெருக்கடியின் வேர்கள் மேற்கத்தியக் கிறிஸ்தவத்தில் இருப்பதாக 'சயன்ஸ்' இதழில் எழுதி இறையியலாளர்களைத் திடுக்கிட வைத்தார். பார்பர் இதைத் தட்டிக்கழிக்காமல், சுற்றுச்சூழல் அறம் பற்றித் தொகுப்புகள் வெளியிட்டார். 1980இல் தொழில்நுட்பம், சூழல், மனித விழுமியங்கள் பற்றித் தனி நூல் எழுதினார். தொழில்நுட்பத்தை விடுதலை தருவதாகக் காண்பவர்கள், அச்சுறுத்தலாகக் காண்பவர்கள், அதிகாரத்தின் கருவியாகக் காண்பவர்கள் என்று பிரித்து, தாம் மூன்றாம் பார்வையைச் சார்ந்தார். ஒரு தொழில்நுட்பம் யார் கையில் இருக்கிறது, யாருக்குப் பயன், யார் விலை கொடுக்கிறார்கள் என்ற கேள்விகள் அங்கே முதலிடம் பெறுகின்றன. நீதி, பங்கேற்பு, நிலைத்த தன்மை ஆகியவை அவருடைய அளவுகோல்கள்.

இதே சொற்கள் 1970களில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் விவாதங்களிலும் ஒலித்தன. 1979இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அந்த மன்றம் நடத்திய 'விசுவாசம், அறிவியல், எதிர்காலம்' மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் கேரளத்தைச் சேர்ந்த ஆர்த்தடாக்ஸ் ஆயர் பவுலோஸ் மார் கிரிகோரியஸ். மனிதன் இயற்கையின் எஜமான் அல்லன், பொறுப்பாளன் என்று மேற்கத்திய இறையியலாளர்கள் திருத்திச் சொன்னதுகூட அவருக்குப் போதவில்லை. பொறுப்பாளன் என்ற சொல்லிலும் இயற்கை வெளியே நிற்கும் உடைமையாகவே இருக்கிறது என்றார் 1978இல் வெளிவந்த 'தி ஹியூமன் பிரசன்ஸ்' நூலில். கீழைக் கிறிஸ்தவ மரபின் வழிநின்று, இயற்கையைக் கடவுளுக்குக் காணிக்கையாக்கும் குருத்துவப் பணியாக மனிதனின் இடத்தைக் கண்டவர் அவர். கிறிஸ்தவ இறையியல் என்று பார்பர் விவாதிக்கும் பொருள் பெரும்பாலும் மேற்கத்திய, அதிலும் புரோட்டஸ்டன்ட் இறையியலே என்பது இங்கே வெளிச்சமாகிறது.

எது நிற்கும்?

நான்கு வழிகளைத் தேர்வு விடைத்தாளில் எழுதுவதற்காக மனப்பாடம் செய்வது பார்பரை வாசித்ததாகாது. அவர் விட்டுச்சென்ற மூன்று ஒழுக்கங்கள் அதைவிடப் பெரியவை. ஒரு கூற்று அறிவியலின் முடிவா, அதன்மேல் ஏற்றிய மெய்யியலா என்று பிரித்துப் பார்ப்பது முதலாவது. கடவுளைப் பற்றிய மொழியும் அணுவைப் பற்றிய மொழியும் மாதிரிகளால் ஆனவை என்பதை மறவாமல், இரண்டுக்குமான வேறுபாட்டையும் ஒளிக்காமல் சொல்வது இரண்டாவது. உண்மை பற்றிய விவாதம் முடிந்த இடத்தில் நீதி பற்றிய விவாதத்தைத் தொடங்குவது மூன்றாவது. இந்த மூன்றும் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. தம் வேதத்திலும் புராணத்திலும் முன்பே விமானமும் அணுவும் இருந்தன என்று எந்தச் சமயத்தவர் மேடையேறிச் சொன்னாலும், அறிவியல் எல்லாக் கேள்விகளையும் முடித்துவிட்டது என்று எந்தப் பகுத்தறிவாளர் சொன்னாலும், முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதில் அறிவியல் எவ்வளவு, அதன் பெயரால் சொல்லப்படும் நம்பிக்கை எவ்வளவு? அந்தக் கேள்வியைப் பொறுமையோடு கேட்கப் பழக்குவதே பார்பரை இன்றும் வாசிப்பதற்குப் போதுமான காரணம்.